பரம்பரை இதயநோய் உள்ள பிள்ளை போட்டியில் ஆடலாமா? நோய் வாரியாகப் பேசுவோம்

நெல்லை_கோச்

வணக்கம். மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்பும்போது ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேட்கிறார்கள். உயரம், எடை, பி.பி., ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு நிமிடம், கையெழுத்து. பெரும்பாலும் அவ்வளவுதான். இன்னொரு பக்கம், எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் "சுவர் தடிப்பு" என்று ஒரு வரி வந்துவிட்டால், அந்தப் பிள்ளையைப் பள்ளி மைதானத்தில் ஓடக்கூட விடுவதில்லை. இரண்டுமே தவறு என்று நினைக்கிறேன்.

2003இல் லியோன் மைதானத்தில் கேமரூன் கால்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோ ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்தார். இங்கிலாந்து பேட்ஸ்மேன் ஜேம்ஸ் டெய்லர் 2016இல் 26 வயதிலேயே ஓய்வு பெற வேண்டியதாயிற்று. 2021 யூரோ கால்பந்துப் போட்டியில் விழுந்த டென்மார்க் வீரர் எரிக்சனோ, நெஞ்சில் ஐசிடி (கெட்ட துடிப்பு வந்தால் தானே ஷாக் கொடுக்கும் கருவி) வைத்துக்கொண்டு பிரீமியர் லீக் ஆடினார். ஒருவர் இறந்தார், ஒருவர் நிறுத்தினார், ஒருவர் தொடர்ந்தார். வித்தியாசம் எங்கே இருக்கிறது? எந்த நோயில் ஆடலாம், எதில் கூடாது, ஏன் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். "டாக்டரைக் கேளுங்கள்" என்ற பதில் வேண்டாம். டாக்டரிடம் எதைக் கேட்பது என்பதுதான் பெற்றோருக்கும் எங்களுக்கும் தெரியவில்லை.

கோவை_எக்கோ

முதலில் ஒரு திருத்தம். எரிக்சனுக்கு இதயம் நின்றதற்கான காரணம் பொதுவெளியில் சொல்லப்படவில்லை. எனவே அவரைப் பரம்பரை நோய்க்கு உதாரணமாக எடுக்க முடியாது. ஐசிடி பற்றிப் பேசும்போது எடுக்கலாம்.

ஃபோவுக்கு இருந்தது ஹெச்சிஎம், அதாவது இதயத் தசை காரணமில்லாமல் தடிக்கும் நோய். பரம்பரை இதயநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான், ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு. பெற்றோரில் ஒருவருக்கு மரபணு மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு.

2005 அமெரிக்க வழிகாட்டியில் ஹெச்சிஎம் என்றால் கோல்ஃப், பில்லியர்ட்ஸ் போன்றவை மட்டும்தான். இன்றைக்கும் பல ஊர்களில் அந்தப் பழைய விதியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2020க்குப் பிறகு நிலைமை மாறியது. நிபுணர் முழுதாகப் பரிசோதித்து, அபாயத்தை வீரருக்கும் குடும்பத்துக்கும் மறைக்காமல் சொல்லி, சேர்ந்து முடிவெடுத்து, வருடாவருடம் திரும்பப் பார்ப்பதாக இருந்தால் கடும் பயிற்சியும் போட்டியும்கூட சிலருக்குச் சாத்தியம் என்று அமெரிக்க வழிகாட்டிகள் சொல்கின்றன. 2023இல் வந்த லைவ்-ஹெச்சிஎம் ஆய்வில் 8 முதல் 60 வயது வரை 1,660 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்தார்கள். கடுமையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் ஆபத்தான நிகழ்வுகள் ஏறக்குறைய ஒரே அளவு, இரு பக்கமும் 5 சதவீதத்துக்குக் கீழே.

ஆனால் அந்த 1,660 பேரும் நோய் தெரிந்து, நல்ல மையங்களின் கண்காணிப்பில் இருந்தவர்கள். தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரையோ ஐசிடியோ ஏற்கெனவே இருந்தது. எந்தப் பரிசோதனையும் செய்யாத பிள்ளைக்கு இந்த எண்ணைக் காட்டி "ஓடு" என்று சொல்லக் கூடாது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: சுவர் எத்தனை மி.மீ.? 30ஐத் தொட்டால் பெரிய அபாயக் குறி. காரணம் தெரியாத மயக்கம் வந்திருக்கிறதா, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் உண்டா? 48 மணி நேர ஹோல்டரில் (உடலில் மாட்டிக்கொண்டே ஈசிஜி பதியும் கருவி) வேகத்துடிப்பு ஓட்டம் வந்ததா? (ஹோல்டர் மாட்டும் நாளில் வழக்கமான பயிற்சியும் செய்ய வேண்டும். வீட்டில் படுத்துக்கொண்டு எடுத்த ஹோல்டர் விளையாட்டு வீரருக்கு உதவாது.) எம்ஆர்ஐயில் தழும்பு எவ்வளவு? இடது கீழறையின் எடையில் 15 சதவீதத்துக்கு மேல் தழும்பு இருந்தால் கவலை. ட்ரெட்மில்லில் பி.பி. சரியாக ஏறுகிறதா? உச்சத்தில் 20 புள்ளிகூட ஏறாவிட்டால், அல்லது இறங்கினால், அது நல்லதல்ல.

கடைசியாக, ரத்தம் வெளியேறும் வழியில் அடைப்பு உண்டா? பாதி எக்கோக்களில் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். படுத்திருக்கும்போது அழுத்த வித்தியாசம் 10 காட்டும். அதே பிள்ளை ட்ரெட்மில்லில் ஓடி இறங்கியதும் நின்றபடியே பார்த்தால் 60 காட்டும். 30க்கு மேல் அடைப்பு, 50க்கு மேல் சிகிச்சை தேவைப்படலாம். ஓய்வில் மட்டும் எடுத்துவிட்டு "அடைப்பு இல்லை" என்று எழுதும் ரிப்போர்ட்டை ஏற்காதீர்கள். முக்கி மூச்சுப் பிடிக்கவைத்தும், ஓடியபின்னும் எடுக்கச் சொல்லுங்கள்.

களத்துமேடு

அடைப்பு உள்ள ஹெச்சிஎம் பிள்ளைக்கு வெயில் தனி எதிரி. வியர்த்து உடலில் நீர் குறைந்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், அறை சுருங்கும், அடைப்பு கூடும். சித்திரை, வைகாசியில் பகல் 12 மணிக்கு மேட்ச் வைப்பது யாருக்குமே ஆகாது, இவர்களுக்கு உயிரோடு விளையாடுவது. அதேபோல் 200 மீட்டர் ஓடி முடித்ததும் அப்படியே நிற்கவிடாதீர்கள். காலில் ரத்தம் தேங்கி அந்த நிமிடத்தில்தான் மயக்கம் வரும். ஐந்து பத்து நிமிடம் மெதுவாக நடக்கவைத்துத்தான் நிறுத்த வேண்டும். சேரவில்லை என்று உப்புத் தண்ணீரைத் தவிர்ப்பதும், எடைப்பிரிவுக்காக வியர்வை வெளியேற்றுவதும் (கபடி, மல்யுத்தம், பளுதூக்கல்) அறவே கூடாது.

மதுரை_வாலிபால்

ஒரு சந்தேகம். நன்றாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கே சுவர் தடிக்கும் என்கிறார்களே? 13, 14 மி.மீ. வந்தால் அது நோயா, பயிற்சியா?

கோவை_எக்கோ

நல்ல கேள்வி. 12 வரை பயிற்சியால் வரலாம். 15 அல்லது அதற்கு மேல், வேறு காரணம் இல்லாவிட்டால், நோய். குடும்பத்தில் ஏற்கெனவே ஹெச்சிஎம் இருந்தால் 13லேயே நோய் என்று எடுப்பார்கள். நடுவில் உள்ள 13, 14தான் குழப்பம்.

பயிற்சியால் 13ஐத் தாண்டுவது நினைப்பதைவிட அரிது. இத்தாலியில் 1991இல் வெளியான ஆய்வில் 947 உயர்மட்ட வீரர்களில் 16 பேருக்குத்தான் 13 அல்லது அதற்கு மேல் இருந்தது. பெரும்பாலும் துடுப்புப் படகு ஓட்டுகிறவர்கள். அத்தனை பேருக்கும் இதய அறையும் பெரிதாகியிருந்தது. அதுதான் பிடி. பயிற்சி இதயத்தில் சுவரும் தடிக்கும், அறையும் விரியும், 55 மி.மீ.க்கு மேல்கூடப் போகும். ஹெச்சிஎம்மில் அறை சிறியது, பல நேரம் 45க்குக் கீழே. அறை சிறிதாக இருந்து சுவர் 14 என்றால் நான் பயிற்சி மேல் பழி போடமாட்டேன். வாரம் மூன்று நாள் வாலிபால் ஆடும் பள்ளிப் பிள்ளைக்கு 14 வந்தால் அதைப் பயிற்சியின் கணக்கில் எழுதவே முடியாது. பெண்களுக்கு 12ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும்.

தீராத சந்தேகத்துக்கு மூன்று மாதம் பயிற்சியை முழுதாக நிறுத்தி, அதே மெஷினில், அதே ஆளிடம் எக்கோ எடுக்க வேண்டும். பயிற்சியால் வந்தது 2 மி.மீ. போலக் குறையும். நோய் அசையாது.

இன்னொன்று, அளக்கும் முறை. வலது அறைத் தசைப்பட்டை சுவரோடு ஒட்டித் தெரியும். அதையும் சேர்த்து அளந்து 11ஐ 15 ஆக்கிய ரிப்போர்ட்டுகள் ஏராளம். ஒரே எக்கோவை நம்பி ஒரு பிள்ளையின் விளையாட்டை முடித்துவிடாதீர்கள். எம்ஆர்ஐ எடுத்தால் இது தெளிந்துவிடும்.

ரிதம்_ஈபி

சுவரெல்லாம் சரியாக இருந்து, மின்னோட்டம் மட்டும் கெட்டிருக்கும் நோய்கள் உண்டு. எக்கோ நார்மல் என்று ரிப்போர்ட் வந்தால் வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். அந்த நிம்மதி இங்கே செல்லாது.

முதலில் லாங் க்யூடி, ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்சார அளவில் மீள அதிக நேரம் எடுக்கும் பரம்பரை நோய். ஈசிஜியில் கையால் அளந்து பாருங்கள், மெஷின் அச்சடிக்கும் எண்ணை நம்பாதீர்கள். பேப்பர் வழக்கமான வேகத்தில் ஓடினால் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி செகண்ட். இரண்டாம் லீடிலோ வி5லோ (ஈசிஜியின் பன்னிரண்டு பதிவுகளில் இரண்டு) க்யூ அலை தொடங்கும் இடத்திலிருந்து டி அலையின் இறங்குசரிவை நேர்கோடாக நீட்டி அடிக்கோட்டைத் தொடும் இடம் வரை எண்ணுங்கள். பின்னால் வரும் சின்ன யு அலையைச் சேர்க்காதீர்கள். 12 கட்டம் வந்தால் 480. அதற்கு முந்தைய துடிப்பிலிருந்து இடைவெளி 20 கட்டம் என்றால் 0.8 செகண்ட். அதன் வர்க்கமூலம் 0.894. 480ஐ அதால் வகுத்தால் 537, இதுதான் துடிப்பு வேகத்துக்குச் சரிசெய்த க்யூடி. இந்தப் பிள்ளையை அன்றே மைதானத்திலிருந்து நிறுத்தி நிபுணரிடம் அனுப்ப வேண்டும். வீரர்களில் ஆணுக்கு 470, பெண்ணுக்கு 480ஐத் தொட்டால் மேல் பரிசோதனை. 500 என்றால் தெளிவான ஆபத்து. துடிப்பு 90க்கு மேல் இருக்கும்போது இந்தக் கணக்கு அதிகமாகக் காட்டும், எனவே பத்து நிமிடம் உட்காரவைத்துத் திரும்ப எடுங்கள்.

வகை முக்கியம். ஒன்றாம் வகைக்கு ஓட்டம், குறிப்பாக நீச்சல், தூண்டுதல். இரண்டாம் வகைக்குத் திடீர்ச் சத்தம்: அலாரம், ஸ்டார்ட்டர் துப்பாக்கி. மூன்றாம் வகைக்குத் தூக்கமும் ஓய்வும். ஆகவே மூன்றாம் வகைப் பிள்ளைக்கு "ஓடாதே" என்பதால் ஒரு பயனும் இல்லை, ஒன்றாம் வகைப் பிள்ளையைத் தனியாகக் கிணற்றிலோ குளத்திலோ நீந்தவிடுவது கொலைக்குச் சமம்.

சரியான பீட்டா பிளாக்கர் (அட்ரினலினின் தாக்கத்தைக் குறைக்கும் மாத்திரை), ஒரு வேளைகூடத் தவறாமல், என்றால் பலர் போட்டியில் தொடர முடிகிறது. 2024இல் வந்த லைவ்-எல்க்யூடிஎஸ் ஆய்வில் 1,413 பேர். கடும் பயிற்சி செய்தவர்களில் 2.6 சதவீதம், செய்யாதவர்களில் 2.7 சதவீதம் பேருக்கு ஆபத்து நிகழ்வு. ஐரோப்பிய வழிகாட்டி இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது; அமெரிக்கப் பக்கம் தளர்ந்திருக்கிறது. மாத்திரையில் ப்ரோப்ரனோலால், நாடோலால் இரண்டும் நம்பகமானவை. மெட்டோப்ரோலால் இந்த நோய்க்குப் போதாது. பி.பி.க்குக் கொடுப்பதுதானே என்று மாற்றிக் கொடுத்துவிட்டால் பாதுகாப்பு போச்சு.

பெற்றோர் கவனிக்க வேண்டியது மருந்துக் கடை. போட்டிக்குப் போன ஊரில் பிள்ளைக்கு வாந்தி, பேதி. பொட்டாசியம் ஏற்கெனவே இறங்கிவிட்டது. கடையில் வாந்திக்கு ஆன்டான்செட்ரான், பேதிக்கு சிப்ரோஃப்ளாக்ஸசின். மூன்றும் சேர்ந்து க்யூடியை நீட்டும். அசித்ரோமைசின், டாம்பெரிடோன், ஃப்ளூகனசோல் இவையும் அப்படியே. இந்தப் பெயர்களை ஒரு அட்டையில் எழுதி லேமினேட் செய்து கிட் பையிலேயே வைத்துவிடுங்கள். வாந்தி பேதி உள்ள நாளில் ஆட்டம் கிடையாது.

அடுத்தது சிபிவிடி, அட்ரினலின் ஏறும்போது கெட்ட துடிப்பு வரும் பரம்பரை நோய். இதில் ஈசிஜியும் நார்மல், எக்கோவும் நார்மல். ஓடும்போதோ, அழும்போதோ, பயத்திலோ மயங்கி விழும். கை கால் வெட்டும். வலிப்பு என்று சொல்லி வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை ஓடும். பிடிப்பது பெரும்பாலும் ட்ரெட்மில்தான். துடிப்பு 110, 130ஐத் தாண்டும்போது தவறிய துடிப்புகள் ஒன்றிரண்டாகத் தொடங்கி, பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாகி, கடைசியில் மேலும் கீழுமாக மாறி மாறி வரும். ஓய்வெடுத்தால் மறைந்துவிடும். இந்த நோயில் போட்டி விளையாட்டுக்கு நான் ஆதரவில்லை. மருந்து கொடுத்து ட்ரெட்மில் சுத்தமான பிறகும் வெகு சிலருக்கு மட்டுமே, அதுவும் பெரிய மையத்தின் பொறுப்பில்.

மதுரை_வாலிபால்

ஓடும்போது விழுவதும் ஓடி முடித்து நிற்கும்போது விழுவதும் ஒன்றா?

ரிதம்_ஈபி

ஒன்றல்ல. நின்றபின் தலைசுற்றி, கண் இருண்டு, மெல்லச் சாய்வது பெரும்பாலும் சாதாரண மயக்கம் (அடைப்புள்ள ஹெச்சிஎம் விதிவிலக்கு, மேலே களத்துமேடு எழுதியது). ஓடிக்கொண்டிருக்கும்போதே, முன்னறிவிப்பில்லாமல், கையை ஊன்றக்கூட நேரமில்லாமல் முகம் மோத விழுந்தால், அந்தப் பிள்ளை ட்ரெட்மில், எக்கோ, ஈசிஜி மூன்றும் முடியும்வரை பயிற்சிக்குத் திரும்பக் கூடாது. "காலையில் சாப்பிடாம வந்திருப்பான்" என்று விடக்கூடாத இடம் இது.

சிவகாசி_பிசியோ

ஜேம்ஸ் டெய்லருக்கு வந்த ஏஆர்விசி (இதயத்தின் வலது அறைத் தசையை அழிக்கும் பரம்பரை நோய்) பற்றி யாரும் எழுதவில்லை. இதுதான் மற்ற எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது.

மற்ற நோய்களில் விளையாட்டு அபாயமான தருணத்தை உண்டாக்கலாம். ஏஆர்விசியில் விளையாட்டு நோயையே வளர்க்கிறது. இதயத் தசைச் செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் புரதம், செங்கல்களுக்கு நடுவே உள்ள சாந்து போல. மரபணு மாற்றத்தால் (அதிகம் பிகேபி2 மரபணுவில்) அந்தச் சாந்து பலவீனம். நீண்ட நேரம் ஓடும்போது வலது அறை விரிந்து இழுபடும், பிணைப்பு விடும், செல் சாகும், அந்த இடத்தில் கொழுப்பும் தழும்பும் நிரம்பும். தழும்பிலிருந்து கெட்ட துடிப்பு பிறக்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2013இல் காட்டியது: அதே மரபணு மாற்றம் உள்ளவர்களில் நெடுந்தூரப் பயிற்சி செய்தவர்களுக்கு நோய் இளவயதிலேயே வந்தது, பயிற்சியைக் குறைத்தவர்களுக்கு அபாயமும் குறைந்தது.

எனவே ஏஆர்விசி உறுதியானால் போட்டி விளையாட்டும் நெடுந்தூர ஓட்டம், சைக்கிள், நீச்சல் பயிற்சியும் நிறுத்தம். ஐசிடி வைத்தாலும் நிறுத்தம். ஷாக் உயிரைக் காப்பாற்றும், தசை கரைவதை நிறுத்தாது. வாரம் 150 நிமிடம் மெதுவான நடை போன்ற இலகுவான அசைவு ஐரோப்பிய வழிகாட்டியே அனுமதிப்பது, அதைச் செய்யவும் வேண்டும். குடும்பத்தில் நோய் இருந்து, மரபணு மட்டும் வந்து, இதயம் இன்னும் நன்றாக இருக்கும் தம்பி தங்கைக்கு என்ன? ஹெச்சிஎம்மில் அப்படி இருந்தால் ஆடவிடலாம், வருடாவருடம் எக்கோ போதும். ஏஆர்விசியில் ஐரோப்பிய வழிகாட்டி அவர்களையும் போட்டியிலிருந்து விலக்குகிறது. மாரத்தான் கனவு உள்ள பிள்ளையிடம் இதைச் சொல்வது மிகக் கடினம், சொல்லாமல் விடுவது அதைவிடக் கொடுமை.

ஈசிஜி பார்ப்பவர்களுக்கு: வி1 முதல் வி3 வரை டி அலை தலைகீழாக இருந்தால் சந்தேகம், ஆனால் 16 வயதுக்குக் கீழே அது சாதாரணமாகவே இருக்கும். வி5, வி6இல் தலைகீழ் என்றால் எந்த வயதிலும் விடாதீர்கள். அது ஹெச்சிஎம் பக்கம் காட்டும்.

திருச்சி_ரன்னர்

ஐசிடி வெச்சுட்டா ஏஆர்விசி தவிர மத்தவங்க எல்லாரும் ஆடலாம்னு எடுத்துக்கலாமா? எரிக்சன் ஆடினாரே.

டிவைஸ்_லேப்

அவ்வளவு சுலபம் இல்லை. எரிக்சனாலேயே இத்தாலியில் ஆட முடியவில்லை. அங்கே ஐசிடி வைத்தவர் என்பதால் அவருக்குப் போட்டித் தகுதிச் சான்று கிடைக்கவில்லை. 2021 டிசம்பரில் இன்டர் மிலானோடு ஒப்பந்தம் முடிந்தது, 2022 ஜனவரியில் பிரென்ட்ஃபோர்டு சேர்த்துக்கொண்டது. ஒரே இதயம், இரண்டு நாடு, இரண்டு முடிவு.

ஐசிடி வைத்து ஆடியவர்களின் பதிவேடு ஒன்று அமெரிக்காவிலிருந்து 2013இல் வந்தது, 372 பேர். ஆட்டத்தில் ஒருவரும் இறக்கவில்லை, ஷாக்கால் பெரிய காயமும் இல்லை. ஆனால் ஷாக் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். சிலர் அதன்பின் ஆட்டத்தையே விட்டார்கள். நெஞ்சில் குதிரை உதைத்தது போல என்பார்கள், அந்தப் பயம் சாதாரணமல்ல.

தொழில்நுட்பமாகச் சில விஷயம். சாதாரண ஐசிடி காலர் எலும்புக்குக் கீழே, ஒயர் எலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவே போகும். பந்து வீசும் கை, ஸ்மாஷ் அடிக்கும் கை மேலே போய் வரும்போதெல்லாம் அந்த ஒயர் நசுங்கும். வருடங்கள் போக உறை கிழியும், இல்லாத துடிப்பை இருப்பதாக எண்ணி வீண் ஷாக் கொடுக்கும். அதனால் வலக்கை பௌலருக்கு இடது பக்கம், இடக்கை பௌலருக்கு என்ன செய்வது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே பேச வேண்டும். "எந்தக் கையால் ஆடுவாய்" என்று கேட்காமல் வைத்துவிடும் இடங்கள் உண்டு, நீங்களே சொல்லிவிடுங்கள். வைத்தபின் நான்கு முதல் ஆறு வாரம் அந்தக் கை தோளுக்கு மேல் போகக்கூடாது.

ஒயர் இதயத்துக்குள் போகாத, தோலுக்கடியில் வைக்கும் வகை உண்டு. அது இடது அக்குளுக்குக் கீழே விலாவில் உட்காரும். ஒயர் பிரச்சினை குறைவு, ஆனால் கபடியில் பிடி விழும் இடமே அதுதான். ரக்பி, கபடி, குத்துச்சண்டை இவற்றில் எந்த வகை வைத்தாலும் என் பதில் வேண்டாம் என்பதே.

ப்ரோகிராமிங்: 17 வயதுப் பிள்ளை முழுவேகத்தில் ஓடினால் இயல்பான துடிப்பே 190, 200 போகும். மெஷினை 180இல் வைத்திருந்தால் நல்ல துடிப்புக்கே ஷாக் அடிக்கும். எல்லையை 200க்கு மேலே உயர்த்தி, கண்டறிய எடுக்கும் நேரத்தையும் நீட்டி, பிறகு ட்ரெட்மில்லில் உச்சம் வரை ஓடவிட்டுப் பார்த்துத்தான் களத்துக்கு அனுப்ப வேண்டும். வீரரின் உச்சத் துடிப்புக்கும் மெஷின் எல்லைக்கும் நடுவே குறைந்தது 10, 20 இடைவெளி இருக்கட்டும்.

சிபிவிடியில் ஐசிடி இன்னும் சிக்கல். ஷாக் வலியில் அட்ரினலின் சுரக்கும், அதுவே அடுத்த கெட்ட துடிப்பைத் தூண்டும், அடுத்த ஷாக். அங்கே மருந்துதான் முதல்.

நெல்லை_கோச்

இத்தாலி போல எல்லாப் பிள்ளைகளுக்கும் ஈசிஜி எடுத்தால் என்ன? இங்கே ஈசிஜி மெஷின் இல்லாத தாலுகா மருத்துவமனை இல்லையே.

கோவை_எக்கோ

எடுக்கலாம், நான் ஆதரவு. இத்தாலியில் 1982 முதல் சட்டம். வெனட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் லட்சத்துக்கு வருடம் 3.6இல் இருந்து 2004க்குள் 0.4க்கு இறங்கியது.

ரிதம்_ஈபி

அதே சட்டம் இஸ்ரேலில் 1997இல் வந்தது, அங்கே முன்னும் பின்னும் வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்க வழிகாட்டி எல்லாருக்கும் கட்டாய ஈசிஜி கேட்கவில்லை. மெஷின் பிரச்சினையே இல்லை, படிப்பவர்தான் பிரச்சினை. வீரர்களுக்கான 2017 சர்வதேச அளவுகோல் தெரியாதவர் படித்தால், பயிற்சியால் வரும் மெதுத்துடிப்பையும் உயர் வோல்டேஜையும் நோய் என்று எழுதி, ஆரோக்கியமான பிள்ளைகளை வீட்டில் உட்காரவைப்பார்.

என் பரிந்துரை: எல்லாரிடமும் முதலில் கேள்வி. ஓடும்போது மயங்கியிருக்கிறாயா, நெஞ்சு வலித்ததா, குடும்பத்தில் 50 வயதுக்குள் யாராவது திடீரென இறந்தார்களா, நீரில் மூழ்கி இறந்த நல்ல நீச்சல்காரர் உண்டா, "வலிப்பு" என்று சொல்லப்பட்டவர் உண்டா. ஒன்றுக்கு ஆம் என்றாலும் ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில். பாட்டியைக் கேளுங்கள், அப்பா அம்மாவுக்கு முந்தைய தலைமுறை மரணங்கள் அவருக்குத்தான் தெரியும்.

கோவை_எக்கோ

கேள்வி மட்டும் போதாது. முதல் அறிகுறியே மரணமாக வருபவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் எந்தக் கேள்வியும் எதையும் பிடிக்காது. மாநில அளவில் ஆடுகிறவர்களுக்காவது ஒருமுறை ஈசிஜி என்பதில் நான் மாறமாட்டேன்.

ஜீன்_லேப்

நம் பக்கத்துக்கு உரியவை இரண்டு. முதலாவது, ஹெச்சிஎம்மோடு தொடர்புள்ள எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம். 2009இல் வெளியான ஆய்வுப்படி தெற்காசியர்களில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் இது உண்டு. மரபணு ரிப்போர்ட்டில் இதைப் பார்த்துப் பதறாதீர்கள். சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு இளவயதில் ஒன்றும் இருப்பதில்லை. இதை மட்டும் வைத்து ஒரு பிள்ளையை நிறுத்துவது நியாயமில்லை, எக்கோ பார்த்துத்தான் முடிவு.

இரண்டாவது, மாமன் மகள், அக்கா மகள் திருமணம். இரு பக்கமும் ஒரே மாற்றம் வந்தால்தான் வெளிப்படும் வகைகள் இங்கே வரும். பிறவியிலேயே காது கேளாத பிள்ளை, பயந்தாலோ ஓடினாலோ மயங்குகிறது என்றால் அது லாங் க்யூடியின் கடுமையான வடிவமாக இருக்கலாம். செவித்திறன் குறைந்தோர் பள்ளிகளில் விளையாட்டு நடத்துபவர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள், இதில் விவாதமே வேண்டாம். அதேபோல் பிறந்ததிலிருந்து கம்பளி போன்ற சுருள் முடி, உள்ளங்கை உள்ளங்காலில் தடித்த தோல் இரண்டும் சேர்ந்திருந்தால் ஏஆர்விசி வகை நோய் உண்டா என்று பார்க்க வேண்டும்.

ஒருவருக்கு உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லாருக்கும் பரிசோதனை. ஹெச்சிஎம் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எக்கோ. 12 வயதில் நார்மல் என்றால் 16இலும் நார்மல் என்று அர்த்தமில்லை, வளரும் வயதில்தான் தடிக்கும்.

மதுரை_வாலிபால்

வாலிபால், கூடைப்பந்து கோச்சுகளுக்கு ஒன்று சேர்க்கிறேன். உயரமான, மெலிந்த, கை நீண்ட பிள்ளையைத்தான் தேடித் தேடி எடுக்கிறோம். மார்ஃபான் நோயின் (இணைப்புத் திசு பலவீனமாகும் பரம்பரை நோய்) உடல்வாகும் அதுவே. அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1986இல் ஜப்பானில் ஆட்டத்தின்போது இறந்தது மகாதமனி கிழிந்துதான். இரு கைகளையும் விரித்து அளந்து உயரத்தால் வகுங்கள், 1.05க்கு மேல் போனால், கண்ணாடி பவரும் அதிகமென்றால், எக்கோவில் மகாதமனி வேரை அளக்கச் சொல்லுங்கள். தெரிந்தபின் பளு தூக்கல், மூச்சடக்கிச் செய்யும் பயிற்சி கிடையாது.

களத்துமேடு

கடைசியில் எல்லாம் மைதானத்துக்குத்தான் வரும். தெரிந்த நோய், தெரியாத நோய் எதுவானாலும் விழுந்தபின் செய்வது ஒன்றே. யாரும் தொடாமல் விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை என்றால், இதயம் நின்றதாகவே எடுங்கள். கை கால் வெட்டும், வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு விடுவது போலத் தெரியும். அது வலிப்பு என்று சாவிக்கொத்தைக் கையில் திணித்து நிற்கும் இரண்டு நிமிடத்தில் பிள்ளை போய்விடும். ஒருவர் 108, ஒருவர் ஏஇடி (நெஞ்சில் ஒட்டி ஷாக் கொடுக்கும் கையடக்கக் கருவி) எடுக்க ஓட்டம், ஒருவர் நெஞ்சின் நடுவே அழுத்தம்: நிமிடத்துக்கு 100 முதல் 120, ஐந்து ஆறு செ.மீ. ஆழம், ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். வாயில் ஊதத் தெரியாவிட்டால் அழுத்தம் மட்டும் போதும். தண்ணீர் ஊற்றாதீர்கள், உட்காரவைக்காதீர்கள்.

அழுத்தமும் ஷாக்கும் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். விழுந்து மூன்று நிமிடத்துக்குள் ஷாக் என்பது இலக்கு, அப்படியானால் ஏஇடி ஒன்றரை நிமிட ஓட்டத் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தலைமையாசிரியர் அறையில் பூட்டி, சாவி அவர் பையில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். வேனில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள், பெரும்பாலான மெஷின்களுக்கு 50 டிகிரிதான் எல்லை, மூடிய வண்டிக்குள் அதைத் தாண்டும். பேட் உறையில் காலாவதித் தேதி பாருங்கள், ஜெல் காய்ந்தால் ஒட்டாது. ஒட்டும்முன் வியர்வையைத் துண்டால் துடைக்க வேண்டும், அதற்கென்றே ஒரு துண்டும் ரேசரும் பையில் இருக்கட்டும். ஐசிடி வைத்த பிள்ளை என்றால் பேடை அந்த மேட்டிலிருந்து நாலு விரல் தள்ளி ஒட்டுங்கள். அது வேலை செய்யும் என்று காத்திருக்காதீர்கள்.

திருச்சி_ரன்னர்

ஏஆர்விசி, சிபிவிடி பிள்ளைகளை ஷூட்டிங், வில்வித்தைக்கு மாத்திவிடலாமே? ஓட வேண்டியதில்லை, மெடலும் வாங்கலாம்.

சிவகாசி_பிசியோ

எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது, அங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் பீட்டா பிளாக்கர் சாப்பிடுவார்கள். அது கை நடுக்கத்தையும் துடிப்பையும் குறைப்பதால் துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் ஊக்கமருந்துப் பட்டியலில் உள்ளது, போட்டியில் மட்டுமல்ல, பயிற்சிக் காலத்திலும் தடை. கோல்ஃப், பில்லியர்ட்ஸ், டார்ட்ஸ் இவற்றில் போட்டி நாளில் தடை. மருத்துவ விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் குறி விளையாட்டுகளில் அது கிடைப்பது மிக அரிது. இது தெரியாமல் மாற்றிவிட்டு, தேசிய அளவில் சிறுநீர்ப் பரிசோதனை என்றதும் பிள்ளை மாத்திரையை நிறுத்திவிட்டால் அதுதான் பெரிய ஆபத்து. கேரம் அந்தப் பட்டியலில் இல்லை. ஏஆர்விசி பிள்ளைக்குத் தாராளமாகச் சொல்லலாம். சிபிவிடிக்கு இறுதியாட்டப் படபடப்பே தூண்டுதலாகலாம், எனவே மருந்தோடு ட்ரெட்மில் பார்த்தபிறகுதான் அதுவும்.